கேரித் தீவில் ரதத்துக்கு வெளிச்சம்

கிள்ளானிலிருந்து பந்திங் சாலையில் தெற்கே வாருங்கள். தெலுக் பங்லிமா காராங்கில் வலப்பக்கம் திரும்பினால் லங்காட் ஆற்றுப் பாலம் வரும். அதைத் தாண்டினால் கேரித் தீவு. தீவு என்றதும் மணலையும் அலையையும் எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான். எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற வெள்ளைக்காரத் துரையின் பெயரைத் தாங்கி நிற்கும் மண் இது. சதுப்பு நிலத்தைச் சுற்றி வரப்புக் கட்டி, வாய்க்கால் வெட்டி, கடல்நீரை மதகு வைத்துத் தடுத்து உண்டாக்கிய தோட்டங்கள் இவை. நமக்கு முன்பிருந்தே இங்கு வாழ்ந்துவரும் மா மெரி மக்களின் மரச்சிற்பங்களைப் பார்க்கச் சுங்கை பும்புன் கிராமத்துக்குப் பலர் வருகிறார்கள். நண்டு சாப்பிட வருகிறவர்கள் அவர்களைவிட அதிகம்!

நான் உங்களிடம் சொல்ல வந்தது இங்குள்ள வெளிச்சத்தைப் பற்றி.

அந்தக் காலத்துத் தோட்ட வெளிச்சம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மாலையில் 'லைட் எஞ்சின்' போடுவார்கள், இரவு பத்து மணிக்கு நிறுத்துவார்கள். அதற்குள் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை முடிக்க வேண்டும். எண்ணெய் ஆலை உள்ள தோட்டம் என்றால் செம்பனை நாரையும் ஓட்டையும் எரித்து, நீராவியில் மின்சாரம் எடுப்பார்கள். ஆலை நின்றால் டீசல் எஞ்சினைப் போடுவார்கள். இப்போது அந்தப் பத்து மணிக் கணக்கு இல்லை. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை கோயில் திருவிழாவில், ரதம் லயத்துப் பக்கம் புறப்படும் இரவில், எல்லார் கண்ணும் மறுபடியும் ஒரு சிறு எஞ்சின்மேல்தான் இருக்கும். ரதத்தின் பின்புறம் உட்கார்ந்து கூடவே பயணம் செய்யும் ஜெனரேட்டர்தான் அது.

பிழைப்புக்காகக் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் போனவர்கள் அந்த ஓர் இரவுக்காகத் திரும்பி வருகிறார்கள். அப்போது பாதி வழியில் ரதம் இருண்டு போனால் எப்படி இருக்கும்? ஆளுக்கு ஆள் கயிற்றை இழுப்பார்கள், பிளக்கைக் கழற்றுவார்கள், பந்தத்தைக் கொண்டுவந்து பெட்ரோல் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பார்கள். இந்தக் கடைசி வேலையை நினைத்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும்.

ஆலையில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். கூட்டம் சத்தம் போட்டாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், எஞ்சின் நின்னுபோச்சா, இல்ல எஞ்சின் ஓடுது, கரண்டு மட்டும் இல்லையா? மொதல்ல அதைச் சொல்லுங்க." இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எஞ்சின் நின்றிருந்தால் முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள். பல ஜெனரேட்டர்களில் எண்ணெய் குறைந்தால் எஞ்சினைத் தானே நிறுத்திவிடும் கருவி உண்டு. மேடுபள்ளமான செம்மண் சாலையில் ரதம் சாயும்போது, எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்குவதாலும் அது நிறுத்திவிடும். சமநிலத்துக்குத் தள்ளிப் பார்த்தால் மறுபடி ஓடும். அரைமணி நேரம் நன்றாக ஓடி, மெல்லத் திணறி நின்றால் தொட்டி மூடியைச் சந்தேகப்படுங்கள். மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்தால் பெட்ரோல் இறங்காது. தொடக்கத்திலேயே முரண்டு பிடித்தால், போன வருடத்துப் பெட்ரோல் கார்ப்பரேட்டரில் பிசினாகிக் கிடக்கலாம். அழகுக்காக வாழைமரத்தையும் பட்டுத்துணியையும் சுற்றிக் கட்டி ஜெனரேட்டரை மூச்சு முட்ட வைக்கிறார்களே, அதை என்ன சொல்வது! காற்றில்லாமல் சூடேறும்; துணி பற்றிக்கொள்ளவும் கூடும்.

எஞ்சின் ஓடியும் வெளிச்சம் இல்லையென்றால் பிரேக்கரைப் பாருங்கள். விழுந்திருந்தால் உடனே தூக்கிவிடாதீர்கள். எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டுத் தூக்குங்கள். பிறகு சரம் சரமாகப் போட்டு வாருங்கள். எந்தச் சரத்தில் மறுபடி விழுகிறதோ அங்கேதான் கோளாறு. நசுங்கிய வயரோ, மழைநீர் புகுந்த பிளக்கோ அகப்படும்.

சில சமயம் கோளாறே இருக்காது, சுமைதான் அதிகமாக இருக்கும். பழைய நூறு வாட் பல்பு முப்பது போட்டால் மூவாயிரம் வாட். பத்து வாட் எல்.இ.டி. முப்பது போட்டால் முந்நூறுதான். அலங்காரத்துக்குப் பணம் வசூலிக்கும் கமிட்டிக்காரர்கள் இந்தக் கணக்கை என் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். வெளிச்சம் மங்கி, மேளத்துக்கு வைத்த ஒலிபெருக்கி இரைந்தால் எஞ்சின் வேகம் குறைகிறது என்று அர்த்தம். சாதாரணச் சிறு ஜெனரேட்டர் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கிடைக்கும். உப்புக்காற்று அடிக்கும் இந்தத் தீவில் இணைப்பு முனைகள் பச்சை பூத்துக் கிடப்பதும் உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டுச் சுரண்டித் துடைக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் மின்சாரம் வரவில்லையா? வெகுநாள் சும்மா கிடந்ததில் உள்ளிருக்கும் காந்தசக்தி போயிருக்கலாம். பட்டறைக்காரரிடம் விடுங்கள். பேட்டரியை வைத்து நீங்களே உசுப்ப வேண்டாம்.

ரதம் இரும்புச் சட்டம். தொடுகிற பிள்ளைகள் வெறுங்காலோடு ஈரத்தரையில் நிற்கிறார்கள். கசிவைக் கண்டு மின்சாரத்தை வெட்டும் இ.எல்.சி.பி. கட்டாயம் வேண்டும். ஆனால் அதைச் சும்மா மாட்டிவைத்தால் காப்பாற்றாது. ஜெனரேட்டரின் நியூட்ரலையும் ரதத்தின் சட்டத்தையும் எப்படி இணைப்பது என்று உரிமம் பெற்ற மின்பணியாளரே பார்த்து, புறப்படுமுன் சோதித்துத் தரவேண்டும். புகைக்குழாய் பூசாரி இருக்கும் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மயக்கம் வரும்வரை தெரியாது. பெட்ரோல் ஊற்றுவதாக இருந்தால் எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, கற்பூரத்தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

திருவிழா முடிந்த மறுநாள் பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்ப்பரேட்டர் காலியாகிவிடும். தொட்டியில் மிச்சமிருப்பதையும் வடித்துவிடுங்கள். ஈரம் படாத இடத்தில் மூடிவைத்து, மாதம் ஒருமுறை புதுப் பெட்ரோல் கொஞ்சம் ஊற்றி, இரண்டு பல்பைப் போட்டுப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அந்தப் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்பதைத் திருவிழாக் கணக்குப் பார்க்கும் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள்.