அண்டாவை எங்கே வைப்பது?

எங்கள் குழுவில் துப்பாக்கி தூக்காதவர்கள் எல்லோருக்கும் நான்தான் பொறுப்பு. பதவியின் பெயர் கம்பீரமானது: சிவிலியன் ஒருங்கிணைப்பாளர். சம்பளம் கிடையாது, திட்டு தாராளமாக உண்டு.

கொஞ்சம் விளக்க வேண்டும். அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரை அந்தக் காலத்து உடுப்பு, கூடாரம், துப்பாக்கி சகிதம் மைதானங்களில் மறுபடி நடத்திக் காட்டும் குழுக்கள் இங்கே நிறைய. திங்கள் முதல் வெள்ளி வரை கணக்கு எழுதுகிறவர், பல் பிடுங்குகிறவர், குழாய் ரிப்பேர் செய்கிறவர் எல்லாம் சனிக்கிழமை வந்தால் கம்பளிச் சட்டைக்குள் வியர்த்து வழிந்துகொண்டு அணிவகுப்பார்கள். பென்சில்வேனியாவில் நாங்கள் இருக்கும் ஊரிலிருந்து, அந்தப் போரின் களங்களில் ஒன்றான கெட்டிஸ்பர்க் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம். பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போன என் மகன் யாரோ கொடுத்த டிரம்மைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தான். அதோடு போயிற்று எங்கள் வார இறுதிகள்.

முகாமில் ஒரு சட்டம். பார்வையாளர்களை உள்ளே விட்ட பிறகு இந்தக் காலத்து உடையில் யாரும் தென்படக் கூடாது. ஆகவே பையன் டிரம் அடிப்பதை ஓரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டுமானாலும் எனக்கு 1863-ஆம் ஆண்டுக்கு ஏற்ற கவுன் வேண்டியிருந்தது. அந்த வருஷத்துப் பென்சில்வேனியாவில் மதுரைப் பக்கத்து முகம் ஒன்று எப்படி வந்து சேர்ந்தது என்று குழுவில் யாரும் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன். பதில் கிடைக்காததால் தையலில் இறங்கிவிட்டேன்.

புதிதாகச் சேர்ந்த பக்தைக்கு ஆசாரம் ஜாஸ்தி. பாலியஸ்டர் கூடாது, அது அடுப்புத் தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஜிப் கூடாது, அது அப்போது இல்லை. ஊதா நிறம் பரவாயில்லை, 1856-இலேயே வில்லியம் பெர்க்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். இந்த மாதிரி விஷயங்களைச் சாப்பாட்டு மேஜையில் சொல்லிச் சொல்லி வீட்டாரை ஓட வைத்தேன். காலத்துக்குப் பொருந்தாமல் எதையாவது போட்டுக்கொண்டு வருகிறவரை இந்த வட்டாரத்தில் 'ஃபார்ப்' என்பார்கள். அது வசவு. அந்த வசவு என் மேல் விழக்கூடாது என்று ஆரம்பித்தவள், சீக்கிரமே மற்றவர்கள் மேல் அதை எறியும் நிலைக்கு வந்துவிட்டேன். என் பிழைப்பு மென்பொருள் கம்பெனியில் திட்ட மேலாளர் வேலை. அது தெரிந்ததும் சிவிலியன்களை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

உடனே எக்செல் திறந்தேன். பெயர், வயது, மணமானவரா, வசதியானவரா, என்ன உடை, முகாமில் எந்த இடம் என்று வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்க வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடுத்தேன். படிக்காமல் எழுதவில்லை. 1863 ஜூலை 1 முதல் 3 வரை சண்டை நடந்தபோது கெட்டிஸ்பர்க்கில் இருந்தவர்கள் சுமார் 2,400 பேர். அவர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கல்லறைத் தோட்டக் காவலரின் மனைவி எலிசபெத் தார்ன். கணவர் பட்டாளத்துக்குப் போயிருந்தார், இவர் ஆறு மாதக் கர்ப்பிணி. சண்டை ஓய்ந்ததும் வயதான தகப்பனாரோடு சேர்ந்து ஜூலை வெயிலில் ஏறக்குறைய நூறு குழிகள் வெட்டிப் பிணங்களை அடக்கம் செய்தார். இதைப் படித்துக் கண் கலங்கினேன். கலங்கிவிட்டு என் கட்டத்தில் எழுதியது: 'கல்லறைக் காவலர் மனைவி சாயல், கறுப்பு உடை, சோக முகம், பந்தலில் இடது ஓர நாற்காலி.' மண்வெட்டி என்ற சொல் அந்தத் தாளில் எங்குமே இல்லை. அப்போது அது என் கண்ணில் படவில்லை.

அந்த வருஷம் எங்களோடு சேர்ந்தவர் ஓர் அம்மாள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர். சலவைக்காரி வேடம்தான் போடுவேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மரத் தொட்டி, செப்பு அண்டா, வரிவரியாக மடிப்பு வைத்த துவைக்கும் பலகை எல்லாம் அவருடைய சொந்தச் சொத்து. உடை மட்டும் ஒன்றே ஒன்று. கையால் தைத்த நீலப் பருத்திக் கவுன், வெளுத்துப்போனது, முழங்கை தெரியச் சுருட்டிவிட்டது. வளையம் வைத்த பாவாடையும் நல்ல கவுன் ஒன்றும் தைத்துக்கொள்ளுங்களேன் என்றேன். "வளையப் பாவாடையும் விறகடுப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியாதே" என்று சிரித்தார். சரியான பதில். அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

நாற்காலிகளும் மேஜை விரிப்பும் பூக்கிண்ணமும் வைத்த கித்தான் பந்தலை முகாமின் வாசலில் போட்டேன். அவருடைய அண்டாவைக் கூடாரங்களுக்குப் பின்னால் தள்ளினேன். கேட்டால் சொல்லச் சரித்திரக் காரணமும் கையில் இருந்தது. ராணுவ முகாம்களில் சலவைப் பெண்களின் குடியிருப்பு தனியாக ஒதுங்கித்தான் இருக்கும், அதற்குச் சோப்பு நுரை வரிசை என்று கேலிப் பெயர்கூட உண்டு. அவர் கேட்கவே இல்லை. சரி என்று சொல்லி அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை. காலை அணிவகுப்பு முடிந்து, பிற்பகல் சண்டை தொடங்குவதற்கு முந்தைய இடைவேளை. சிவிலியன்களுக்கான நேரம் இதுதான். என் பந்தல் அச்சடித்த படம் மாதிரி இருந்தது. விசிறியோடு இருவர், தையல் கூடையோடு ஒருவர், இடது ஓரத்தில் சோக முகம். ஜனங்கள் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், நகர்ந்தார்கள். எட்டு வயது இருக்கும் ஒரு சிறுமி மட்டும் நின்றாள்.

"நீங்க என்ன பண்றீங்க?"

விசிறிக்காரர் நான் எழுதிக் கொடுத்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தார். வியாபாரியின் இரண்டாவது மகள், அண்ணன் போர்முனையில், நிச்சயதார்த்தம் தள்ளிப்போயிற்று. சிறுமி மரியாதையாக முழுவதும் கேட்டாள்.

"சரி, இப்போ என்ன பண்றீங்க?"

விசிறிக்காரர் என்னைப் பார்த்தார். நான் பூக்கிண்ணத்தைச் சரி செய்தேன்.

அந்த நேரம் கூடாரங்களுக்குப் பின்னாலிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் வந்தது. போய்ப் பார்த்தால், பந்தலில் நான் தேடிக்கொண்டிருந்த கூட்டம் முழுக்க அங்கே இருந்தது. அண்டாவிலிருந்து ஆவி. சாம்பல் காரமும் கொழுப்பும் சேர்ந்த சோப்பின் நெடி. இரண்டு பையன்கள் ஒரு கம்பளிப் போர்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சட்டையெல்லாம் ஈரம். அம்மாள் பலகையில் தேய்த்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். ஒரு கம்பெனிக்கு நான்கு சலவைப் பெண்கள் என்று ராணுவ விதியிலேயே உண்டு. ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு ரேஷன். துவைக்கும் கூலியை முகாமிலேயே அதிகாரிகள் குழு நிர்ணயிக்கும். கடன் சொல்லிவிட்டு எந்தச் சிப்பாயும் ஓட முடியாது, சம்பளம் கொடுக்கும் மேஜையிலேயே வசூல் செய்துவிடலாம். அந்த இடத்தில் கூட்டம் சிரித்தது. பக்கத்துத் தொட்டியில் ஒரு குழந்தையைக் கூப்பிட்டு நீலம் கலக்கச் சொன்னார். வெள்ளைச் சட்டைகளை அதில் முக்கியெடுத்தார். நம் வீடுகளில் போட்ட அதே நீலம்.

என் பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார்: "இதை ஏன் இங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்? கழிப்பறைக்கு வழி தேடப் போய்த்தான் கண்டுபிடித்தோம்."

காது சூடாகிவிட்டது. நல்ல புத்தி இருந்திருந்தால் கை தட்டியிருப்பேன், அல்லது சும்மாவாவது நின்றிருப்பேன். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போய், குனிந்து, தாழ்ந்த குரலில், ஆனால் முன்வரிசைக்குக் கேட்கிற அளவில் சொன்னேன்: "உங்கள் மூக்குக் கண்ணாடி இந்தக் காலத்துக் கண்ணாடி."

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தார். முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை, பிறகு விரல் விரலாக. கண்ணாடியைக் கழற்றினார். மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாகத் தடம். கண்ணாடியை மடித்து ஏப்ரன் பையில் போட்டார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கூட்டத்தைப் பார்த்து மறுபடி பேச ஆரம்பித்தார், ஆனால் இப்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை, பொதுவாக ஒரு திசையைப் பார்த்துப் பேசினார். ஒரு சிறுவன் சட்டைக் காலரை நீட்டி, இதில் மையால் எழுதியிருப்பது யார் பெயர் என்று கேட்டான். வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். "நீயே படித்துச் சொல்லேன்" என்று அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

அந்த நிமிஷத்தில் கெட்டிஸ்பர்க்கும் 1863-உம் எனக்குள் எங்கேயோ போய்விட்டன. எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லைக் கதவு கண்ணில் நின்றது. துணி எடுக்க வருகிற அம்மாள் வாசல் வழியாக வந்து நான் பார்த்ததே இல்லை. சந்து சுற்றிக் கொல்லைப்பக்கம் வந்து குரல் கொடுப்பார். பாட்டி அழுக்குத் துணியை எண்ணி எண்ணித் தரையில் போடுவார், அவர் எடுத்துக் கட்டிக்கொள்வார். கைக்குக் கை கொடுத்தது கிடையாது. அவர் பெயர் என்ன என்று இப்போது எவ்வளவு யோசித்தும் வரவில்லை. சோப்பு நுரை வரிசை என்ற சரித்திரக் காரணத்தைப் புத்தகத்தில் நான் பிற்பாடுதான் தேடிப் பிடித்தேன். அண்டாவை எங்கே வைப்பது என்ற தீர்மானம் அதற்கு முன்பே ஆகிவிட்டிருந்தது.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்டேன். கேட்ட விதமும் சரியில்லை. "விதி என்பதால் சொல்ல வேண்டியதாயிற்று" என்ற வால் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். பரவாயில்லை என்றார். அண்டாவைக் காரில் ஏற்ற உதவட்டுமா என்றேன். வேண்டாம், பழக்கம்தான் என்றார். அடுத்த வருஷம் அவர் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.

பிறகுதான் சலவைப் பெண்களைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். ஜார்ஜியாவில் 1848-இல் அடிமையாகப் பிறந்த சூசி கிங் டெய்லர் பட்டாளத்தில் பதிவானது சலவைப் பெண்ணாகத்தான். கறுப்பினச் சிப்பாய்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார், காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார். நான்கு வருஷத்துக்கு மேல் உழைத்ததற்குச் சம்பளம் என்று எதுவும் கிடைக்கவில்லை. தன் முகாம் வாழ்க்கையை 1902-இல் புத்தகமாக வெளியிட்டார். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களில் யாரும் அதைப் படித்திருக்கவில்லை, நானும்தான். அந்த அம்மாள் படித்திருந்தார். சேர்ந்த புதிதில் எனக்கு அனுப்பிய மின்னஞ்சலிலேயே அதைக் குறிப்பிட்டிருந்தார். நான் அந்தக் கடிதத்தில் உடை அளவுகளை மட்டும் குறித்துக்கொண்டு மூடியிருந்தேன்.

எக்செல் தாளையும் மறுபடி பார்த்தேன். ஜென்னி வேட், வயது 20, அந்தச் சண்டையில் குண்டு பாய்ந்து இறந்த ஒரே ஊர்க்காரர். அக்கா வீட்டில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது இரண்டு கதவுகளைத் துளைத்துக்கொண்டு வந்தது குண்டு. என் கட்டத்தில் அவருக்கு நேரே இருந்தது 'இளம்பெண், பூப்போட்ட கவுன், சிரித்த முகம்.' வாழ்க்கை வரலாறுகளை அழித்தேன். உடைக்கு முந்தைய கட்டத்தில் 'காலை பத்து மணிக்குக் கையில் என்ன இருக்கும்' என்று தலைப்புப் போட்டேன். விசிறிக்காரர் இப்போது கிழிந்த துணியில் காயக்கட்டு சுருட்டுகிறார், பார்வையாளர்களையும் உட்கார்த்திச் சுருட்ட வைக்கிறார். இடது ஓரச் சோகமுகத்துக்கு மண்வெட்டி கொடுத்தோம். பூங்கா நிர்வாகம் புல்தரையில் குழி வெட்ட அனுமதிக்கவில்லை. அதனால் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துக்கொண்டு பேசுகிறார்.

சலவைக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. நானே இறங்கினேன். கடைகடையாக அலைந்து வாங்கிய அண்டா, வாசலுக்கு நேரே. கார சோப்பு மதியத்துக்குள் விரல் இடுக்கையெல்லாம் அரித்துவிட்டது. நீலம் எவ்வளவு என்று தெரியாமல் கொட்டியதில் சார்ஜெண்டின் வெள்ளைச் சட்டை வானமாகிவிட்டது. அவர் பெருந்தன்மையாக அதைப் போட்டுக்கொண்டே சண்டைக்குப் போனார். அன்று நான் கழித்த நேரத்தில் பாதி, வாளியைத் தூக்கிக்கொண்டு குழாய்க்கும் அண்டாவுக்கும் நடந்ததில் போயிற்று. இத்தனைக்கும் குழாய் வாசல் பக்கம்தான் இருக்கிறது, எனக்குக் கூப்பிடு தூரம். போன வருஷம் கூடாரங்களுக்குப் பின்னால் அதைவிடப் பல மடங்கு தூரம். அவருக்கு யார் தண்ணீர் சுமந்தார்கள் என்று மகனிடம் கேட்டேன்.

"யாரும் இல்லைம்மா. அவங்களேதான்."

அந்த வாரமே போன் செய்தேன். இந்த முறை வால் சேர்க்காமல் மன்னிப்புக் கேட்டேன். அண்டா இப்போது வாசலில் இருக்கிறது என்றேன், அந்தக் காலத்து மாதிரிச் சட்டத்தில் உங்கள் பவர் கண்ணாடியைப் பொருத்தித் தரும் கடை ஒன்று தெரியும், செலவு குழுவுடையது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பக்கத்து மாநிலக் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டதாகவும், அங்கே இரண்டு பேருக்குத் துவைக்கக் கற்றுக்கொடுப்பதாகவும் சொன்னார். எங்களுக்காக ஒரு நாள் மட்டுமாவது வர முடியுமா என்றேன்.

"தண்ணீர் யார் எடுப்பார்கள்?" என்றார்.

டிரம் பையன்கள் என்றேன். என் மகன் பெயரை முதலில் சொன்னேன். எத்தனை வாளி ஆகும் தெரியுமா என்றார். இப்போது தெரியும் என்றேன். செப்டம்பர் தேதிகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார், பார்த்துச் சொல்கிறேன் என்றார். செப்டம்பர் தாளில் சலவைக்கு நேரே இப்போதைக்கு என் பெயர்தான் இருக்கிறது, பென்சிலில்.