ஐந்து நாட்களில் ஜப்பான்: ஜன்னலோரம் ஒரு நாடு



வெளிநாட்டுப் பயணம் என்றதும் நம் இல்லங்களில் முதலில் எழும் கேள்வி, எத்தனை இடங்களைப் பார்க்கலாம் என்பதே. ஜப்பானுக்குச் செல்வோரும் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா என ஊர்ப் பெயர்களை அடுக்கி, ஐந்தே நாட்களில் அத்தனையையும் ஓடி முடிக்கின்றனர். வீடு திரும்பிய பின் எந்தப் படம் எந்த ஊரில் எடுத்தது என்பதே மறந்துபோகிறது. பொருளும் செலவாகி, உடலும் களைத்து, உள்ளத்தில் எஞ்சுவது சொற்பம்.

அந்நாட்டைக் குறைந்த நாட்களில் நிறைவாகக் காண வேறொரு வழி உண்டு. ஊர்களை எண்ணாமல் ரயில் பாதைகளைத் தேர்ந்தெடுப்பதே அது. ஜப்பானின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு மலை. எனவே நகரத்தை விட்டு வெளியேறும் பாதைகள் பெரும்பாலும் ஓர் ஆற்றையோ, கடலோரத்தையோ, மலைக் கணவாயையோ பற்றிக்கொண்டே செல்கின்றன. ஜன்னலோரம் அமர்ந்திருப்பதே அங்கே ஊர் பார்ப்பதாகிவிடுகிறது.

வேகமும் நிதானமும்

ஜப்பான் என்றால் பலருக்கும் ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில்தான் நினைவுக்கு வரும். 1964 அக்டோபர் 1-இல் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் அது ஓடத் தொடங்கியபோது உலகமே வியந்தது. இன்று வடக்கே செல்லும் தோஹோகு பாதையில் 320 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது. ஆயினும், அதிவேக ரயில் மலையைச் சுற்றிச் செல்வதில்லை, குடைந்து செல்கிறது. ஆகவே கண்ணுக்குக் கிடைப்பதில் பாதி சுரங்கத்தின் இருளும் ஒலித் தடுப்புச் சுவரும்தான்.

மலையைச் சுற்றிச் செல்பவை பழைய கிளைப் பாதைகள். ஓரிரு பெட்டிகளுடன் ஒவ்வொரு சிற்றூரிலும் நின்று செல்லும் வண்டிகள் அவை. குறுகிய விடுமுறைக்குத் திட்டமிடுவோர் மனத்தில் கொள்ள வேண்டிய விதி ஒன்றே: போய்ச் சேர்வதற்கு விரைவு வண்டி, பார்ப்பதற்கு மெதுவான வண்டி. முன்னது நேரத்தை மிச்சப்படுத்தித் தரும்; அந்த மிச்சத்தைப் பின்னதில் தாராளமாகச் செலவிடலாம்.

ஐந்து நாள் திட்டம்

டோக்கியோவை மையமாகக் கொண்ட எளிய திட்டம் ஒன்றைக் கூறுகிறேன். முதல் நாள் டோக்கியோவில் இறங்கி ஓய்வெடுங்கள். ஷின்ஜுகு நிலையத்தின் அருகில் தங்குவது வசதி.

இரண்டாம் நாள் ஹகோனே. ஷின்ஜுகுவிலிருந்து ஒதாக்யூ நிறுவனத்தின் ரயில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ஹகோனே-யுமோட்டோவில் சேர்க்கும். அங்கிருந்து 1919-இல் திறக்கப்பட்ட மலை ரயிலில் கோரா என்னும் ஊர்வரை ஏறுங்கள். 9 கிலோமீட்டருக்கும் குறைவான அத்தூரத்துக்கு 40 நிமிடம் ஆகும். பன்னிரண்டரை மீட்டர் முன்னே செல்வதற்குள் ஒரு மீட்டர் உயரும் ஏற்றம் அது. பற்சக்கரத்தின் துணையின்றிச் சக்கரங்களின் பிடிப்பைக் கொண்டே வண்டி ஏறுகிறது. செங்குத்தான மூன்று இடங்களில் வண்டி நின்று, திசை மாறி, பின்பக்கமே முன்பக்கமாகி மேலே செல்லும். அப்போது ஓட்டுநரும் நடத்துநரும் இறங்கித் தத்தம் இடத்தை மாற்றிக்கொள்வதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ஜூன், ஜூலை மாதங்களில் பாதையின் இருமருங்கிலும் ஹைட்ரேஞ்சியா மலர்கள் கொத்துக் கொத்தாய்ப் பூத்து ஜன்னலை உரசும். 2019 அக்டோபரில் வீசிய சூறாவளியில் இப்பாதை சிதைந்து, 2020 ஜூலையில்தான் மீண்டது.

மூன்றாம் நாள் வடக்கு நோக்கிப் புறப்படுங்கள். ஷின்கான்செனில் கோரியாமா சேர ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். அங்கே இறங்கி, பானெட்சு மேற்குப் பாதையில் அய்சு-வாகமாட்சு செல்லும் வண்டியைப் பிடியுங்கள். வழியில் வலப்பக்கம் தோன்றும் தனி மலை பந்தாய். 1888 ஜூலை 15-இல் வெடித்துச் சிதறி, வடபுறத்தே பல ஏரிகளைத் தோற்றுவித்த எரிமலை அது. அன்றிரவு அய்சு-வாகமாட்சுவில் தங்குங்கள்.

நான்காம் நாள்தான் இப்பயணத்தின் உயிர். அய்சு-வாகமாட்சுவிலிருந்து கொய்தே வரை 135 கிலோமீட்டர் செல்லும் தாதாமி பாதை அன்று உங்களுக்காகக் காத்திருக்கிறது. கொய்தேயிலிருந்து உள்ளூர் ரயிலில் உராசா சென்று, அங்கே ஷின்கான்சென் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் டோக்கியோ. சென்ற வழியே திரும்பாமல் ஒரு வட்டம் நிறைவுறும். ஐந்தாம் நாள் நகரைப் பார்த்துவிட்டு விமானம் ஏறலாம்.

தாதாமியின் கதை

தாதாமி ஆறு மலைகளுக்கிடையே பச்சை நிறத்தில் ஓடுகிறது. பாதை அதைப் பலமுறை குறுக்கே கடக்கிறது. நாட்காட்டிகளில் நீங்கள் கண்டிருக்கக்கூடிய படம் ஒன்று உண்டு: மூடுபனியில் மிதப்பது போன்ற வளைவுப் பாலத்தில் சிறு ரயில் ஊர்ந்து செல்லும், கீழே அதன் நிழல் நீரில் விழும். முதலாம் தாதாமி ஆற்றுப் பாலம் அது. அப்படத்தை எடுத்தவர் ரயிலில் இல்லை. எதிர்க் குன்றின் மேல் நின்றிருந்தார். பாலத்தைப் பார்ப்பதா, பாலத்திலிருந்து பார்ப்பதா என்பதை நீங்கள் முன்னரே முடிவு செய்துகொள்ள வேண்டும். குறுகிய விடுமுறையில் இரண்டும் கூடுவது கடினம். குழந்தைகளுடன் செல்வோருக்குப் பின்னதே ஏற்றது.

இப்பாதை சுற்றுலாவுக்காகப் போடப்பட்டதன்று. 1950-களில் தாகோகுரா அணை கட்டும் பொருள்களைச் சுமந்து செல்லவே இதன் ஒரு பகுதி அமைக்கப்பட்டது. 1971-இல்தான் முழுப் பாதையும் இணைந்தது. 2011 ஜூலை இறுதியில் பெய்த பெருமழையில் ஆறு பொங்கி மூன்று ரயில் பாலங்களை அடித்துச் சென்றது. அய்சு-கவாகுச்சிக்கும் தாதாமிக்கும் இடையிலான 27.6 கிலோமீட்டர் துண்டிக்கப்பட்டது. வெள்ளத்துக்கு முந்தைய 2010-ஆம் ஆண்டில் அப்பகுதியில் நாளொன்றுக்குச் சராசரியாக 49 பேரே பயணம் செய்திருந்தனர். இத்தனை குறைவான பேருக்காகப் பாலங்களைத் திரும்பக் கட்டுவதா? பேருந்து போதுமே என்றது ரயில் நிறுவனம்.

கணக்கின்படி அது தவறான பேச்சன்று. ஆனால் அவ்வட்டார மக்கள் இசையவில்லை. இளைஞர்கள் நகரங்களுக்குச் சென்றுவிட, முதியோரே மிகுந்திருக்கும் ஊர்கள் அவை. தண்டவாளமும் போய்விட்டால் வரைபடத்திலிருந்தே தம் ஊர் மறைந்துபோகும் என்று அவர்கள் கருதினர். பல ஆண்டுப் பேச்சுக்குப் பின் 2017-இல் உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி அப்பகுதியின் தண்டவாளமும் பாலங்களும் ஃபுகுஷிமா மாகாண அரசின் உடைமை; அவற்றைப் பராமரிப்பதும் அதன் பொறுப்பு. வண்டியை ஓட்டுவது மட்டும் நிறுவனத்தின் வேலை. 2022 அக்டோபர் 1-இல், பதினோர் ஆண்டுகளுக்குப் பின், முழுப் பாதையிலும் ரயில் ஓடியது.

எல்லாப் பாதைக்கும் இந்நற்பேறு வாய்ப்பதில்லை. வடக்கே ஹொக்கைடோ தீவில் கடலை ஒட்டிச் சென்ற ஹிடாகா பாதை, 2015 ஜனவரியில் கடல் அலைகளால் சேதமுற்றது. அதைச் செப்பனிட ஆள் இல்லாமல், 2021 ஏப்ரலில் 116 கிலோமீட்டர் ஒரேயடியாக மூடப்பட்டது. அத்தீவின் ரயில் நிறுவனம், 1,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாதைகளைத் தன்னால் தனித்து நடத்த இயலாது என்று 2016-இலேயே அறிவித்துவிட்டது. அழகிய பாதைகளே பெரும்பாலும் ஆளற்ற பாதைகள். ஆளற்றவையே முதலில் மூடப்படுபவை. "அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று கோயில்களையும் கோட்டைகளையும் ஒத்திப்போடலாம். இவற்றை ஒத்திப்போட இயலாது.

மீண்ட பகுதியில் ஒரு திசைக்கு நாளொன்றுக்கு மூன்று வண்டிகளே ஓடுகின்றன. ஆகவே ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய திட்டமே குலைந்துவிடும். அய்சு-வாகமாட்சுவிலிருந்து காலை ஆறு மணியளவில் புறப்படும் வண்டியே சிறந்தது. கொய்தே சேர நான்கரை மணி நேரம். நவம்பரில் அங்கே நான்கரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுவதால், பகலில் புறப்படும் வண்டியில் வழியின் கடைசிப் பகுதி இருட்டில் கழியும். வழிநெடுக ஊரார் வண்டிக்குக் கையசைப்பார்கள். மறவாமல் பதிலுக்குக் கையசையுங்கள்.

செலவும் காலமும்

நாடு முழுவதும் செல்லத்தக்க ஏழு நாள் ரயில் சீட்டின் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. மேற்சொன்ன வட்டத்துக்கு அது வேண்டியதில்லை. தனித்தனிச் சீட்டுகளின் கூட்டுத் தொகை அதைவிட மிகக் குறைவு. ஹகோனே பாதை தனியார் நிறுவனங்களுடையதாகையால் அச்சீட்டு அங்கே செல்லவும் செல்லாது. ஆறு முதல் பதினொரு வயதுவரை பிள்ளைகளுக்கு அரைக் கட்டணம். பெரிய பெட்டிகளை டோக்கியோ விடுதியிலேயே ஒப்படைத்துவிட்டு, இரண்டு நாள் உடைகளுடன் மலைக்குச் செல்லுங்கள்.

ஏப்ரல் இறுதி முதல் மே முதல் வாரம்வரையும், ஆகஸ்ட் நடுவிலும், புத்தாண்டிலும் ஜப்பானியர் தம் சொந்த ஊர்களுக்குப் பெருந்திரளாகச் செல்வர். அந்நாட்களைத் தவிர்க்கவும். மே நடுப்பகுதியின் இளந்தளிரும், அக்டோபர் இறுதி, நவம்பர் தொடக்கத்தில் இலைகள் சிவக்கும் காட்சியும் தாதாமிக்குரியவை. கால அட்டவணை ஆண்டுதோறும் மார்ச்சில் மாறுவதுண்டு. மழையாலும் பனியாலும் வண்டி நிற்பதுமுண்டு. முன்னாள் இரவே விசாரித்துக்கொள்ளுங்கள்.

உணவும் தொழுகையும்

ரயில் நிலையங்களில் விற்கும் உணவுப் பெட்டிகள் கண்ணைக் கவரும். ஆனால் மீன் உணவென்று நம்பி வாங்கிவிடலாகாது. மிரின் என்னும் அரிசி மதுவும் சாக்கே மதுவும் சமையலில் பரவலாகச் சேர்க்கப்படுகின்றன. டோக்கியோவில் ஹலால் உணவகங்கள் பல உண்டு. மலைப்பகுதியில் அவ்வசதியை எதிர்பார்த்துச் செல்லக்கூடாது. தாதாமி வண்டியில் உணவு விற்பனையும் கிடையாது. ரொட்டி, பழம், பேரீச்சை, அவித்த முட்டை ஆகியவற்றை முதல் நாளே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

காலை வண்டியில் இன்னொரு நன்மையும் உண்டு. சுப்ஹு தொழுதுவிட்டு ஏறினால், லுஹர் நேரத்துக்கு முன்பே கொய்தே வந்துவிடும். மற்ற நேரங்களில் ஜம்உ, கஸ்ரு சலுகைகளை அவரவர் மத்ஹபின்படி கடைப்பிடிக்கலாம். கிப்லா அங்கிருந்து மேற்குக்குச் சற்று வடக்கே. ரயிலின் கைகழுவும் தொட்டியில் ஒளு செய்தால், சிந்திய நீரைத் துடைத்துவிட்டு வாருங்கள். வண்டிகளில் உரக்கப் பேசுவதும் தொலைபேசியில் உரையாடுவதும் அங்கே பண்பாகக் கருதப்படுவதில்லை. நம்மைக் கொண்டே நம் சமுதாயத்தை அவர்கள் அறிகிறார்கள்.

ஐந்தாம் நாள் காலையில், ஷின்ஜுகுவிலிருந்து ஒதாக்யூ பாதையில் சில நிமிடத் தூரத்திலுள்ள யோயோகி-உயெஹாராவில் இறங்குங்கள். ரஷ்யப் புரட்சிக்குப் பின் அகதிகளாய் வந்த தாத்தாரிய முஸ்லிம்கள் முன்னின்று 1938-இல் திறந்த பள்ளிவாசல் அங்கே இருந்தது. அது பழுதுற்று இடிக்கப்பட்ட பின், துருக்கியப் பாணியில் புதிதாகக் கட்டி 2000-இல் திறந்தனர். அதுவே இன்றைய டோக்கியோ ஜாமிஉ.

ஹகோனேக்குச் செல்லும்போது நீங்கள் கடந்து சென்ற நிலையம்தான் அது. இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, விமான நிலையத்துக்குப் புறப்பட நேரம் போதுமானதாக இருக்கும்.