கடைசியில் வந்தவர்

2016இல் அப்பா இறந்தபோது அமெரிக்காவிலிருந்து வந்த அண்ணன் மகன், பதினாறாம் நாள் காரியம் வரை எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். பகலும் இரவும் மாறிப்போனதால் அவனுக்கு உறக்கம் வரவில்லை. எனக்கு வேறு காரணம். அப்பா பதினொரு ஆண்டுகள் அண்ணன் வீட்டில் இருந்தவர். அண்ணனுக்கு அறுவை சிகிச்சை என்பதால் கடைசி நாற்பது நாட்கள் என்னிடம் வந்தார். அன்றிரவு விடைத்தாள் திருத்திய களைப்பில் நான் அயர்ந்துவிட்டேன். விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "அங்கே பதினொரு வருஷம் நல்லாத்தானே இருந்தார்?" என்று துக்கத்துக்கு வந்த ஒருவர் கேட்டார். கேட்டவர் அதை அன்றே மறந்திருப்பார்.

அண்ணன் மகன் நள்ளிரவில் கூடத்தில் உட்கார்ந்து, மடிக்கணினியில் பழைய பேஸ்பால் ஆட்டங்களை ஒலி குறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். நானும் பக்கத்தில் போய் உட்காருவேன். கிரிக்கெட்டே சரியாக விளங்காத எனக்கு மரியானோ ரிவேரா என்ற பெயர் அறிமுகமானது அப்படித்தான்.

பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கும் வீச்சாளரே அதை முடித்தும் வைப்பது இன்று அரிது. ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தோ ஆறோ வீசியதும் அவர் விலகிக்கொள்வார். மீதத்தை ஏற்க வருபவர்கள் ரிலீஃப் பிட்சர்கள். அவர்களிலும் கடைசி இன்னிங்ஸுக்கென்றே காத்திருப்பவர் க்ளோசர். ஆட்டத்தின் பெரும்பகுதியை அவர் மைதானத்தின் ஓரத்தில், புல்பென் எனப்படும் அடைப்பில் உட்கார்ந்தே கழிக்கிறார். கைக்கு வருவது பிறர் சேர்த்துவைத்த சிறிய முன்னிலை. அதைக் காத்துக்கொடுத்தால் அவர் கணக்கில் ஒரு 'சேவ்' ஏறும். இழந்தாலோ அந்த மாலை முழுவதும் அவர் தலையில்தான். 'சேவ்' அதிகாரபூர்வக் கணக்கானது 1969இல். ரிவேரா பனாமாவில் பிறந்ததும் அதே ஆண்டு.

போர்ட்டோ காய்மிட்டோ என்ற மீனவ ஊரில் வளர்ந்தவர் அவர். தந்தை மீன்பிடிப் படகின் தலைவர். 1990இல் நியூயார்க் யாங்கீஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. 1995இல் முதல் ஆட்டம். தொடக்க வீச்சாளராக அவர் சோபிக்கவில்லை. 1997இல் க்ளோசரானார். அந்த ஆண்டு சக வீரர் ஒருவருடன் பந்தை எறிந்து பிடித்துப் பழகியபோது, அவர் எண்ணாமலே பந்து கடைசி நொடியில் விலகியது. அதைச் சரிசெய்ய முயன்றார், முடியவில்லை. 'கட்டர்' என்னும் அந்த ஒரே பந்தை முதன்மையாக நம்பி அடுத்த பதினாறு ஆண்டுகள் வீசினார். என்ன வருகிறது என்று தெரிந்தே மட்டையாளர்கள் ஏமாந்தார்கள்.

அண்ணன் மகன் ஓர் இரவு 2001 நவம்பர் 4 ஆட்டத்தைப் போட்டான். ஃபீனிக்ஸ் நகரில் அரிசோனா அணியுடன் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். யாங்கீஸ் 2-1 என முன்னணியில். அதுவரை இறுதிச் சுற்று ஆட்டங்களில் தொடர்ந்து 23 முறை முன்னிலையைக் காத்தவர் வீச வருகிறார். எட்டாவது இன்னிங்ஸில் மூவரை வீழ்த்துகிறார். ஒன்பதாவதில் அவரே எறிந்த பந்து குறி தவறுகிறது. ஆட்டம் சமனாகிறது. பின்னர் ஒரு மெலிந்த அடி, முன்னால் நெருங்கி நின்ற காவலர்களின் தலைக்கு மேலே போய் விழுகிறது. 3-2. ரிவேரா தலை தாழ்த்தாமல் நடந்து வெளியேறினார்.

"சித்தப்பா, இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு," என்றான். வென்றிருந்தால் நியூயார்க்கில் வெற்றி ஊர்வலம். அது முடிந்து ஊர் திரும்ப, சக வீரர் என்ரிக்கே வில்சன் நவம்பர் 12 விமானத்தில் பதிவு செய்திருந்தார். தோற்றதால் முன்னதாகவே போய்விட்டார். அந்த விமானம் புறப்பட்ட சில நிமிடங்களில் விழுந்து, தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 265 பேர் இறந்தனர். தோற்றது நல்லதாயிற்று, நண்பன் மிஞ்சினான் என்ற பொருளில் ரிவேரா பின்னர் சொன்னாராம்.

அவன் எதற்காக இதைச் சொல்கிறான் என்பது புரிந்தது. ஆனால் எனக்கு அது ஆறுதலாகவில்லை. என் உறக்கத்தால் யாரும் பிழைக்கவில்லை. மனத்தில் தங்கியது வேறொரு விதி. முந்தைய வீச்சாளர் பேஸில் விட்டுச்சென்ற ஆள், ரிலீஃப் பிட்சர் வீசும்போது ஓட்டம் எடுத்தால், அது முந்தையவர் கணக்கிலேயே எழுதப்படும். வந்தபோது என்ன நிலைமை இருந்தது என்பதையும் பார்த்துத்தான் அந்த ஆட்டத்தில் கணக்கு எழுதுகிறார்கள். அப்பாவுக்கு அப்போது எண்பத்தாறு வயது. இதயம் ஏற்கெனவே இருமுறை எச்சரித்திருந்தது. இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு விளையாட்டின் விதி தேவைப்பட்டது.

ரிவேரா 2004இலும் ஒரு முக்கிய இரவில் முன்னிலையை இழந்தார். 2009இல் யாங்கீஸ் மீண்டும் பட்டம் வென்றபோது கடைசிப் பந்தை வீசியவரும் அவர்தான். மொத்தம் 652 சேவ்கள். காக்க முடியாமல் போனவை 80. 2019இல் வாக்களித்த 425 பேரும் அவரைத் தேர்ந்தெடுக்க, ஒருமனதாகப் புகழ்க்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆட்டக்காரர் ஆனார். அந்த 80ஐயும் அறிந்தவர்கள்தான் வாக்களித்தார்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன்னிரவு, அவருடைய கடைசி ஆட்டத்தைக் காட்டினான். 2013 செப்டம்பர் 26. யாங்கீஸ் தோற்றுக்கொண்டிருக்கிறது. ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் ஒரே ஒருவர் ஆட்டமிழக்க வேண்டும். பயிற்சியாளருக்குப் பதிலாக நெடுநாள் தோழர்கள் பெட்டிட்டும் ஜீட்டரும் மைதானத்துக்குள் நடந்து வந்து அவரிடமிருந்து பந்தை வாங்குகிறார்கள். ரிவேரா பெட்டிட்டின் தோளில் முகம் புதைத்து விம்முகிறார். எத்தனையோ ஆட்டங்களை முடித்துவைத்தவரின் கடைசி ஆட்டத்தை வேறொருவர் வந்து முடித்தார்.

மறுநாள் அண்ணனிடம், இருபது நாட்களாகச் சொல்லாததைச் சொன்னேன்: "நான் தூங்கிட்டேண்ணா." அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நானும் எத்தனையோ ராத்திரி தூங்கியிருக்கேன்டா," என்றார்.