வாளும் வடுவும்

2009 மே மாதத்தில் போர் ஓய்ந்து துப்பாக்கியொலி அடங்கிய யாழ்ப்பாணக் குடாநாட்டில், அடுத்து வந்த ஆண்டுகளில் வாள்வெட்டு என்னும் சொல் நாளிதழ்களின் அன்றாடச் சொல்லாயிற்று. முகத்தை மூடி மோட்டார் சைக்கிள்களில் வந்தோர் பெரும்பாலும் இளைஞர். வெட்டுண்டோரும் பெரும்பாலும் இளைஞரே.

2016 ஒக்டோபர் 20 ஆம் திகதி இரவு, கொக்குவில் குளப்பிடிச் சந்தியருகே பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுச் சம்பவத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தனர். சில நாள்களில் சுன்னாகத்தில் பொலிஸ் உளவுப் பிரிவினர் இருவர் வாளால் வெட்டப்பட்டனர். அதற்கு உரிமைகோரி ஆவாக் குழுவின் பெயரில் துண்டுப்பிரசுரமும் வெளிவந்தது. வாள் தன்னை நீதியின் கருவியெனக் காட்டிக்கொள்ள முயன்ற தருணம் அது. ஆயின், தோழரை இழந்த மாணவர்கள் வீதியில் அமர்ந்து நீதி கேட்டனரேயன்றி வாளை நாடினாரல்லர். நீதி பேசிய வாள் ஏனைய நாள்களில் வெட்டியதோ அயலவர் வீட்டுப் படலையையும், காசுத் தகராற்றிலோ காதற் பகையிலோ எதிர்ப்பட்ட இன்னோர் இளைஞனையுமே.

கையிலும் காலிலும் வெட்டினால் உயிர் போகாது என எண்ணுவோர் உளர். தொடையின் பெரிய நாடி அறுபடின், சில நிமிடங்களிலேயே குருதி வடிந்து உயிர் பிரியலாம். தலையைக் காக்க உயர்த்திய கையில் விழும் வெட்டு தசைநாண்களையும் நரம்பையும் ஒருங்கே அறுக்கும். தைத்து இணைத்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றரே வளரும். முழங்கையருகே அறுந்த நரம்பு விரல் நுனியை எட்ட ஓராண்டுக்கு மேலாகும். அதற்குள் தசைகள் மெலிந்து மீளாது போதலும் உண்டு. பேனாவோ மண்வெட்டியோ பிடித்த கை, சட்டைப் பொத்தானைப் பூட்டவும் பிறர் துணையை வேண்டி நிற்கும்.

வெட்டியவனுக்கும் மீட்சி எளிதன்று. விளக்கமறியல், தவணைதோறும் நீதிமன்றப் படி, அவனுக்காகக் காணியை ஈடுவைக்கும் பெற்றோர், வெளிநாட்டு வேலைக்குத் தடையாகும் பொலிஸ் பதிவு என அவன் இளமையும் கழிந்துவிடுகின்றது.

தண்டனை குற்றத்தின் பின்னரே வருவது. ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 2005 இல் பொலிசாரே வன்முறைத் தணிப்புப் பிரிவொன்றை அமைத்து, கத்திக்குத்தைத் தொற்றுநோய்போல் முன்னரே தடுக்க முனைந்தனர். 2008 முதல் குழு இளைஞர் நீதிமன்ற மண்டபத்துக்கு அழைக்கப்பட்டனர். ஆண்டு முழுதும் அக்காயங்களைத் தைத்த மருத்துவரும் மகனை இழந்த தாயும் அவர்முன் பேசினர். வன்முறையை விட்டு விலக விரும்பியோர்க்குக் கல்விக்கும் தொழிலுக்கும் வழி காட்டப்பட்டது.

நம் ஊர்களில் அத்தகைய மண்டபம் புதிதாக வேண்டுவதில்லை. பத்திரிகை வாசிக்கவும் பந்து விளையாடவும் இளைஞர் கூடும் சனசமூக நிலையங்களே போதும். போதனா வைத்தியசாலை மருத்துவரும் வெட்டுண்ட கையுடையோரும் அங்கு வந்து பேசுதல் இயலாததன்று. பகை முளைப்பதைப் பொலிசாருக்கும் பெற்றோருக்கும் முன்னர் அறிபவன் உடன்படிக்கும் நண்பனே. மோட்டார் சைக்கிளை இரவல் கேட்கும்போது மறுக்கவும், பகைத்தவரை அழைத்து இருத்திப் பேசவும், நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடம் சொல்லவும் வாய்ப்புள்ளவனும் அவனே. அந்த ஒரு மாலைப்பொழுதில் அவன் வாய் திறந்தால், இரு வீடுகளின் பிள்ளைகள் தப்புவர்.