பதினாயிரம் யூரோவும் ஒரு பட்டியலும்

யான் இக்கலாசாலையில் பயின்ற நாளில், கணினிக்கூடத்தின் மூலையில் லினக்ஸால் இயங்கும் பழைய யந்திரமொன்று இருந்தது. மாணாக்கர் எழுதும் கட்டுரைகளெல்லாம் அதிலேயே சேமிக்கப்பெறும். மாணாக்கர்முன் இருந்த கணினிகளோ மைக்ரோஸாப்ட்டின் விண்டோஸால் இயங்குவன. இவ்விரு திறத்தனவற்றையும் இணக்கி வைத்தது, ஸாம்பா என்னும் இலவச மென்பொருள். அதனை மேற்பார்க்கும் சிறு பணி எனக்கு வாய்த்திருந்தது. அப்பணியினாலேயே அதன் வரலாற்றையும் அறிய நேர்ந்தது.

ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆராய்ச்சி மாணாக்கராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர் 1991-இல் அதனைத் தொடங்கினார். கணினிகள் கம்பி வழியே பரிமாறும் செய்திகளை உற்று நோக்கி, அவற்றின் முறையை உய்த்துணர்ந்து எழுதப்பட்டது அது. பின்னாளில் விண்டோஸின் முறைகள் பெருகின. அவற்றின் முழு விவரத்தை மைக்ரோஸாப்ட் பிறர்க்கு அளித்திலது. இது போட்டியை நசுக்கும் செயலென்று ஐரோப்பியக் கமிஷன் 2004-இல் தீர்மானித்து, ஏறக்குறைய 50 கோடி யூரோ அபராதமும் விதித்தது. எம் அறிவுச் சொத்தைப் பறிக்கலாமோ என்று அந்நிறுவனம் வழக்காடிற்று. 2007 செப்டம்பரில் நீதிமன்றம் கமிஷனின் தீர்ப்பையே நிலைநிறுத்தியது.

அவ்வாண்டு டிஸம்பரில் ஸாம்பா குழுவினர்க்காக 10,000 யூரோ செலுத்தப்பட்டு, விவரங்கள் பெறப்பட்டன. ஆயின் பேட்டண்ட் உரிமை அத்தொகையில் அடங்கவில்லை. அதற்கு வருமானத்தில் நூற்றுக்கு 0.4 வரை தனியே தரல்வேண்டும். யார் யார் பிரதியெடுக்கின்றனர் என்றே அறியாமல் இலவசமாய் வழங்குவோர் இதற்குக் கணக்குக் காட்டுவது எங்ஙனம்? எனவே, தீண்டலாகாத பேட்டண்டுகளின் பட்டியலொன்றே அவர்க்குக் கிடைத்தது. அவற்றை விலகி நடந்து எழுதவேண்டும்.

முதலில் இது எனக்கு விளங்கவில்லை. மறைத்து வைத்த செய்தியை ஒருவன் தன் அறிவாற் கண்டுகொள்வானாயின், அது அவனுக்கும் உரியதாகும். பேட்டண்டோ அப்படியன்று; பிறர் துணையின்றித் தானே கண்டவனையும் அது தடுக்கும். சொல்லென்று ஒரு சட்டம் வாயைத் திறக்க, செய்யாதே என்று மற்றொன்று கையைப் பிடிக்கிறது.

பின்னர் யான் பணி செய்த ஸ்தாபனத்தில், யானமைத்த சிறு முறையொன்றுக்கு அமெரிக்காவில் பேட்டண்ட் கோரினர். விண்ணப்பத்தில் என் முறை எனக்கே அடையாளம் தெரியாத அளவு அகன்றிருந்தது. இது பிறர் வழியையும் அடைக்குமே என்றேன். அதற்காகத்தான் என்றனர். கையொப்பமிட்டேன், ஊதியம் வேண்டியிருந்தது.

சென்ற ஆண்டு இக்கூடத்திற்கு வந்தேன். மூலையில் வேறு யந்திரம், அதிலும் ஸாம்பாவே. அதனைக் கவனிக்கும் மாணாக்கர், "ஐயா, தாங்கள் அமைத்த முறையை நாங்கள் உலகோர்க்கு இலவசமாய் வெளியிடும் மென்பொருளில் சேர்க்கலாமா?" என்று வினவினார்.

ஸ்தாபனத்தாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் கேட்கவில்லை.