ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி?

தமிழெழுத்தில் புள்ளி மிகச் சிறியது. ஆயினும் அது மறைந்தால் 'கண்' என்பது 'கண' என்றாகிவிடும். அரசாங்கக் காகிதத்தில் தந்தை பெயரோ வீட்டு எண்ணோ அவ்வாறு மங்கினால் விளையும் தொல்லையைச் சீத்தா கேம்ப் அன்பர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1976-ஆம் ஆண்டு, நெருக்கடி நிலைக் காலத்தில், ஜனதா காலனி அகற்றப்பட்டுப் பல்லாயிரவர் இச்சதுப்பு நிலத்தில் கொண்டுவந்து குடியேற்றப்பட்டனர். அக்காலத்துத் தாள்கள் இன்றும் பல இல்லங்களில் டிரங்குப் பெட்டியின் அடியில் உறங்குகின்றன. குடிசைவாசிகளுக்கு இலவச மாற்று வீடு கோர, 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன்பே இருந்தோம் என்று காட்ட வேண்டிய மாநிலத்தில், பழந்தாள் என்பது வெறுந்தாள் அன்று.

ரயில்வே எழுத்தராகிய நாம் ஞாயிறுதோறும் சங்க அறையில் இத்தாள்களை ஸ்கேன் செய்து நகலெடுத்துத் தருகிறோம். அங்கே லேசர் பிரிண்டர் ஒன்று. அதனோடு நெட்வொர்க்கில் இணைந்த கம்ப்யூட்டர்கள் மூன்று. ஒரே தாளை மூன்றிலிருந்தும் அனுப்பினோம். இரண்டில் முத்திரை தெளிவாக விழுந்தது. மூன்றாவதிலோ சாம்பல் பூசினாற்போல் இருந்தது. காத்திருந்த மூதாட்டி ஒருவர், "தம்பி, எங்க வீட்டுக்காரரு பேரே தெரியலியே" என்றார். டோனரை மாற்றச் சொன்னார் ஒருவர். டோனர் குறையாயின் மூன்று நகலும் அல்லவா மங்கியிருக்க வேண்டும்?

இங்கே ஆணையிடுபவர் யார் என்பதே வினா. பிரிண்டரின் முகப்பில் ஓர் அமைப்பு உண்டு. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் உள்ள டிரைவர் மென்பொருளுக்கும் தனி அமைப்பு உண்டு. அனுப்பும் வேலை ஒவ்வொன்றும், 'அங்குலத்திற்கு இத்தனை புள்ளி' என்னும் கட்டளையைத் தன் தலையில் சுமந்து செல்லக் கூடும். அவ்வாறு சென்றால், அந்த வேலைக்கு அதுவே செல்லும். முகப்பில் வைத்தது நில்லாது. சரக்கு வாகனில் ஒட்டிய சீட்டு எவ்வூரைச் சொல்லுகிறதோ அவ்வூருக்கே வாகன் போகும். நிலையத்துப் பலகையில் எதை எழுதினால்தான் என்ன?

மூன்றாம் கம்ப்யூட்டரில், விழா நோட்டீசுக்காக எவரோ முன்பு 300 என்றும் டோனர் சேமிப்பு என்றும் குறித்திருந்தனர். விண்டோசில் 'பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்' என்னும் இடத்தில் மாற்றினால் அந்தப் பயனருக்கு மட்டுமே மாறும். எல்லோருக்கும் பொதுவாக வைக்க, பிரிண்டரின் 'அட்வான்ஸ்ட்' பக்கத்தில் 'பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்' என்பதைத் திறக்க வேண்டும். இந்த இரண்டாவதைப் பலர் அறியார்.

அப்படியாயின் எப்போதும் 1200 வைத்துவிடலாமே எனச் சிலர் கேட்கின்றனர். 'ஏ4' தாள் ஒன்று 300-இல் ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகளைக் கொள்ளும். 600-இல் 3 கோடியே 48 லட்சம். 1200-இல் அதுவும் நான்கு மடங்காகி 14 கோடியை நெருங்கும். நினைவகம் குறைந்த பிரிண்டர் அப்பாரத்தால் திணறும். வரிசையில் நிற்பவர் பொறுமையும் தீரும். 1984-இல் வந்த முதல் எச்.பி. லேசர்ஜெட் 300 புள்ளிதான் இட்டது. 1992-இல் வந்த நான்காம் வகை 600 இட்டது. நம் தாள்களுக்கு அந்த 600 போதும் என்பதே நம் கருத்து. ஸ்கேன் செய்யும்போது 150-இல் எடுத்துவிட்டு 1200-இல் அச்சிடுவதோ, ஊற்றில்லாக் கிணற்றில் பெரிய வாளியை இறக்குவதாகும்! ஸ்கேனையும் 600-இலேயே எடுக்கிறோம். மங்கிய ரப்பர் முத்திரைக்கு அது மிகவும் உதவுகிறது.

மூன்றாவதிலும் 600 வைத்து, சேமிப்பை நீக்கி, அம்மூதாட்டிக்கு இரு நகல் எடுத்தோம். கணவர் பெயரின் ஈற்றுப் புள்ளிவரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மூலத்தை முந்தானையில் முடிந்துகொண்டார். வரும் ஞாயிறு வரும் அன்பர்கள் தாளின் மடிப்பை வீட்டிலேயே மெல்ல நீவிக் கொண்டுவர வேண்டுகிறோம். மடிப்பின் நிழலும் எழுத்தைப் போலவே கறுப்பாக விழுகிறது.