அப்போ நீயும் ஒரு முதலாளியா?

மகள் பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனிக்கு மாறியபோது சம்பளம் குறைந்தது. "அதுக்குப் பதிலா ஈசாப் தர்றாங்கப்பா" என்றாள். "ஈசாப் கதைதான் எனக்குத் தெரியும்" என்றார் என் அம்மா. கம்பெனியில் பங்கு தருகிறார்கள் என்று விளக்கியதும், "அப்போ நீயும் ஒரு முதலாளியாடி?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அதுதான் சரியான கேள்வி.

ஈசாப் என்பது பங்கு அல்ல. இன்ன விலைக்கு இத்தனை பங்குகளைப் பின்னாளில் வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமை, அவ்வளவுதான். சட்டப்படி குறைந்தது ஓராண்டு காத்திருக்க வேண்டும். பல கம்பெனிகள் நான்கு ஆண்டுகளாகப் பிரித்துத்தான் கொடுக்கின்றன. பணம் கட்டி, பங்கு நம் பெயருக்கு வரும்வரை டிவிடெண்டும் கிடையாது, ஓட்டும் கிடையாது.

ஓட்டு இருப்பது என்னைப் போன்றவர்களுக்கு. அப்பா வாங்கி வைத்த சில பங்குகள் என் டீமேட் கணக்கில் கிடக்கின்றன. ஜூலை, ஆகஸ்ட் வந்தால் ஆண்டுப் பொதுக்கூட்ட மெயில்கள் குவியும். கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணி வரை செல்போனிலேயே ஓட்டுப் போடலாம். பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால், ஊழியர்களுக்குப் பங்கு தரும் திட்டமும் அந்தப் பட்டியலில்தான் வரும். புதுப் பங்குகள் வந்தால் பழையவர்களின் பங்கு விகிதம் சுருங்கும் அல்லவா? அதனால்தான் அவர்களைக் கேட்கிறார்கள். பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளில் இதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். எதிர்ப்பு ஓட்டைப்போல் மூன்று மடங்காவது ஆதரவு ஓட்டு விழ வேண்டும்.

அது சும்மா சடங்கு என்று நினைக்க வேண்டாம். 2021 ஆகஸ்டில், புல்லட் வண்டி தயாரிக்கும் ஐஷர் மோட்டார்ஸில், சித்தார்த்த லாலை மீண்டும் நிர்வாக இயக்குநராக்கிச் சம்பளம் நிர்ணயிக்கும் தீர்மானத்துக்குச் சுமார் 73 சதவீத ஆதரவு. அப்படியும் தோற்றது! சம்பள வரம்பை மாற்றி மறுபடி ஓட்டுக்கு விட்டபிறகுதான் நிறைவேறியது. எதிர்த்ததில் பெரிய முதலீட்டு நிறுவனங்களே அதிகம் என்றாலும், கணக்கில் ஒவ்வொரு பங்கும் சேரும்.

மகள் கதைக்கு வருகிறேன். நான்காம் ஆண்டு வேலையை விட்டாள். 90 நாளுக்குள் வாங்கிக்கொள், இல்லாவிட்டால் காலாவதி என்று கடிதம் வந்தது. அவளுக்குச் சேர்ந்திருந்தவை 2,000. பங்குக்கு 10 ரூபாய் வீதம் 20,000 ரூபாய். இதிலென்ன கஷ்டம் என்றுதானே தோன்றும்? அன்றைய மதிப்பு 500 ரூபாய். வித்தியாசமான 9,80,000 ரூபாயைச் சம்பளமாகக் கணக்கிட்டு வரி கட்ட வேண்டும். 30 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்ந்து மூன்று லட்சத்துக்கு மேல். கம்பெனி சந்தைக்கு வராததால் விற்றுக் கட்டவும் வழியில்லை. வரியைத் தள்ளிப்போடும் சலுகை ஒன்று 2020-ல் வந்தது. தகுதிச் சான்று பெற்ற ஸ்டார்ட்-அப்களுக்கு மட்டும்தான். வேலையை விட்டால் அதுவும் போச்சு.

வீட்டுக் கடன் தவணை வேறு. மாப்பிள்ளை "விட்டுடலாம்" என்றார். மகளுக்கு மனசு வரவில்லை. "மூணு வருஷம் ராத்திரி பகலா உழைச்சதுப்பா அது" என்றாள். கடைசியில் கையிருப்புக்கு ஏற்ப 500 மட்டும் வாங்கினாள். மீதி 1,500 போயின. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு ஈசாப்பை நம்பிச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றே: விலகினால் எத்தனை நாள் அவகாசம் என்பதைச் சேரும்போதே கேளுங்கள்.

ஆறு மாதம் கழித்து அவளுக்குப் பொதுக்கூட்ட அறிவிப்பு வந்தது. ஊழியர்களுக்குப் புதிய ஈசாப் திட்டமும் அதில் ஒரு தீர்மானம். "அப்பா, இது வந்தா என் பங்கு விகிதம் குறையும். ஆனா உள்ளே இருக்கறது என் ஃப்ரெண்ட்ஸ்" என்று போன் செய்தாள். ஆதரித்தே ஓட்டுப் போட்டாள். கூடவே, விலகுபவர்களுக்கு 90 நாள் போதாது, ஐந்தாண்டு வேண்டும் என்று இயக்குநர்களுக்கு ஒரு கடிதமும் எழுதினாள். பதில் இன்னும் வரவில்லை.